ஆரஞ்சுக் கிழங்கில் இருப்பதும் உடம்பில் சேர்வதும்

சத்து ஏற்றிய பயிர்களைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். வைட்டமின் ஏ-வுக்கான மூலப்பொருள் பயிரிலேயே கூடுதலாக இருக்கும்படி உருவாக்கிய சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம் (கீழே சோளம் என்பதும் இதுதான்), மரவள்ளி, நெல் ஆகியவைதான் விஷயம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆதங்கம்: 'எண் ஒன்று சொல்கிறீர்கள், உடம்பு அதைக் கேட்கிறதா?' நியாயமான கேள்வி. வெளிச்சம் பட்டால் கரோட்டின் கெட்டுவிடும் என்பதால் மங்கலான மஞ்சள் விளக்கின் கீழே வருடக்கணக்கில் சாறு பிரித்துக்கொண்டிருந்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரே சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். ஒரு கட்டுரை 100 கிராமில் 1,400 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்கிறது, இன்னொன்று 700 என்கிறது. இதில் எது பொய்?
– பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர்

இரண்டும் பொய் இல்லை. ஆனால் இரண்டுமே கிழங்கில் அளந்த எண்ணும் இல்லை. கிழங்கில் வைட்டமின் ஏ துளிகூடக் கிடையாது. எந்தச் செடியிலும் கிடையாது. செடியில் இருப்பது பீட்டா கரோட்டினும் அதன் சொந்தக்காரர்கள் சிலரும்தான். ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியில் 100 கிராமுக்குச் சுமார் 8,500 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். அதை 6ஆல் வகுத்தவருக்கு 1,400 கிடைத்தது, 12ஆல் வகுத்தவருக்கு 700 கிடைத்தது. 6 என்பது 1960களில் உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் வைத்த வகுஎண். 12 என்பது 2001இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் மாற்றி வைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இன்றும் 6ஐத்தான் பயன்படுத்துகிறது. ஆக, கடல் கடந்தால் கிழங்கின் சத்து இரட்டிப்பாகும்!

எதற்காக வகுக்க வேண்டும்? பீட்டா கரோட்டின் மூலக்கூறில் 40 கார்பன் அணுக்கள். சரியாக நடுவில் வெட்டினால் 20 கார்பன் கொண்ட இரண்டு துண்டுகள், இரண்டும் வைட்டமின் ஏ. காகிதத்தில் பார்த்தால் ஒன்று போட்டால் இரண்டு வர வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டி நிறைய இருந்தும் அகப்பையில் கொஞ்சம்தான் வருகிறது.

எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். முதலில் கரோட்டின் தாவரச் செல்லை விட்டு வெளியே வர வேண்டும். அதில் பாதி வேலை அடுப்பிலும் பல்லிலும் நடக்கிறது. வெளியே வந்தாலும் அது தண்ணீரில் கரையாத சரக்கு. சிறுகுடலில் பித்தநீரும் கொழுப்பும் சேர்ந்து உண்டாக்கும் மைசெல் என்ற நுண்துளிகளில் ஏறினால்தான் குடல் சுவர்வரை போய்ச் சேரும். ஏறாதது அப்படியே மலத்தில் போய்விடும். சுவரில் உள்ள செல்லின் மேல் ஒரு கடத்துப்புரதம் அதை உள்ளே இழுக்கிறது. உள்ளே பிசிஓ1 என்ற நொதி காத்திருக்கிறது. நடுவில் வெட்டுவது அதுதான். அதற்கு வேலை செய்ய இரும்பு வேண்டும். வெட்டுப்பட்ட துண்டு ரெட்டினாலாக (உடம்பில் வைட்டமின் ஏ இருக்கும் வடிவம்) மாறி, ஒரு கொழுப்பு அமிலத்தோடு கட்டப்பட்டு, கைலோமைக்ரான் என்ற கொழுப்புத் துகளுக்குள் அடைக்கப்படுகிறது. சர்க்கரை போல நேராக இரத்தத்துக்குப் போகாமல் நிணநீர் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில் கல்லீரலில் சேர்கிறது. உடம்பில் வைட்டமின் ஏ சேமிப்பில் பெரும்பகுதி அங்கேதான், நட்சத்திர வடிவச் செல்களில். வெட்டுப்படாமல் தப்பிய கரோட்டினும் கொஞ்சம் இதே வண்டியில் ஏறிப் போகும்.

இத்தனை இடத்திலும் இழப்பு உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணில் அடக்கப் பார்த்ததுதான் 6, 12 எல்லாம். ஒரு நாட்டின் உணவுத் திட்டம் போடுகிறவருக்கு அது தேவை. உங்கள் தட்டுக்கும் உங்கள் குடலுக்கும் அதே எண் பொருந்த வேண்டும் என்று இல்லை. வகுப்பில் சொல்லும்போது எந்த எண்ணால் வகுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், குழப்பம் வராது. கூடவே இதையும்: 4 முதல் 8 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் போதும் என்பது அதே அமெரிக்கக் கணக்கு. கஞ்சத்தனமாக 12ஆல் வகுத்தாலும் அந்தக் கிழங்கு பாஸ்.

கேள்வி: கீரையில் இல்லாத கரோட்டினா? அதைச் சாப்பிடாமல் சோளத்துக்கும் அரிசிக்கும் ஏன் நிறம் ஏற்ற வேண்டும்?
– வாசகி ஒருவர்

கீரையில் கரோட்டின் நிறையவே இருக்கிறது. வெளியே வருவதில்தான் சிக்கல். இலையில் அது பச்சையத்தோடு சேர்ந்து புரதக் கட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒளியைப் பிடிக்க உதவுவதுதான் அங்கே அதன் வேலை, நமக்காக அது காத்திருக்கவில்லை. கேரட்டில் படிகமாக உறைந்து கிடக்கிறது. தானியத்திலோ மாவுச்சத்துக்கு நடுவே, கொஞ்சம் எண்ணெயோடு இருக்கிறது. மாவுச்சத்து செரித்ததும் கரோட்டினுக்கு ஒளிய இடம் இல்லை.

இதை எப்படி அளந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நெல்லையோ கீரையையோ கனநீர் ஊற்றி வளர்ப்பார்கள். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் ஏறிய கரோட்டின் செடியிலேயே உருவாகும். எடை சற்றுக் கூடிய அந்தக் கரோட்டினைச் சாப்பிட்டவரின் இரத்தத்தில் எடை கூடிய ரெட்டினால் தெரிந்தால் அது இந்த உணவிலிருந்துதான் வந்தது, வேறு வழி இல்லை. கூடவே, கார்பனில் வேறு அடையாளம் போட்ட வைட்டமின் ஏ ஒரு தெரிந்த அளவு கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டால் விகிதம் கிடைத்துவிடும். இப்படி அளந்ததில் கீரையின் பீட்டா கரோட்டின் சுமார் 21 பங்குக்கு 1 பங்கு வைட்டமின் ஏ-வாக ஆனது, கேரட் 15க்கு 1. 2009இல் வெளிவந்த தங்க அரிசி (கரோட்டின் ஏற்றிய நெல்) ஆய்வில் 3.8க்கு 1. ஜிம்பாப்வேயில் ஆண்களுக்கு மஞ்சள் மக்காச்சோளக் கஞ்சி கொடுத்த ஆய்வில் 3.2க்கு 1, அமெரிக்கப் பெண்களிடம் சத்து ஏற்றிய சோளத்தில் சுமார் 6.5க்கு 1.

உடனே கீரையைத் தள்ளிவிடாதீர்கள். தங்க அரிசி ஆய்வில் கலந்துகொண்டவர்கள் வெறும் ஐந்து பேர், எல்லாரும் ஆரோக்கியமான பெரியவர்கள், சோற்றோடு வெண்ணெயும் சாப்பிட்டவர்கள். 3.8 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு வெண்ணெயை மறந்துவிடும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அப்புறம், விகிதம் நன்றாக இருந்தாலும் மொத்த அளவு குறைவு. சத்து ஏற்றிய சோள இனங்களை உருவாக்கியவர்கள் வைத்த இலக்கே ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம் கரோட்டின்தான். ஆரஞ்சு சர்க்கரைவள்ளியில் கிராமுக்கு 85 என்று மேலே பார்த்தோமே, அதன் விகிதம் வங்கதேசத்தில் அளந்தபோது சுமார் 13க்கு 1 வந்தது. இருந்தும் மொத்தத்தில் ஜெயிப்பது கிழங்குதான். ஆனால் சோளம் சாப்பிடுகிறவர்கள் தினம் இரண்டு வேளை, கிலோ கணக்கில் வருடம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். தானியத்தில் சத்து ஏற்றுவதற்கு உண்மையான காரணம் அதுதான். பழக்கத்தை மாற்றச் சொல்லாமல் பழக்கத்துக்குள்ளேயே சத்தை வைப்பது.

கேள்வி: வேகவைத்தால் சத்து போய்விடும், பச்சையாகச் சாப்பிடு என்கிறார் நண்பர். எண்ணெயையும் விட்டுவிட்டேன். சரிதானே?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

இரண்டும் தப்பு, மன்னிக்கவும். வைட்டமின் சி-க்குச் சொல்ல வேண்டியதை நண்பர் வைட்டமின் ஏ-வுக்குச் சொல்கிறார். வேகவைத்தால் கரோட்டின் கொஞ்சம் அழியும், உண்மை. ஆனால் செல் சுவர் இளகி, முன்பு மாட்டிக்கொண்டிருந்தது வெளியே வருகிறது. கேரட்டை வைத்துச் செய்த ஒரு செரிமானச் சோதனையில் (ஆய்வுக்கூடத்தில் குடலைப் போலச் செய்து பார்ப்பது) பச்சைத் துண்டுகளிலிருந்து வெளிவந்தது 3 சதவீதம். அதையே மசித்தபோது 21, வேகவைத்து மசித்தபோது 27, எண்ணெயும் சேர்த்தபோது 39. சத்து ஏற்றிய கிழங்குக்கும் தத்துவம் இதுதான், ஆனால் எண்கள் அதே மாதிரி இருக்காது.

எண்ணெய் நிறைய வேண்டாம். ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம் கொழுப்பு போதும், ஒரு சின்ன தேக்கரண்டி. அதற்கு மேல் ஊற்றினால் கரோட்டினுக்குப் பெரிய லாபம் இல்லை, இடுப்புக்குத்தான். பித்தப்பைக் கோளாறோ, கொழுப்பு செரிக்காத குடல் நோயோ இருப்பவர்களுக்கு இந்த எண்ணெய்க் கணக்கு உதவாது. அவர்கள் மருத்துவரிடம் போகட்டும்.

கேள்வி: தினம் ஆரஞ்சுக் கிழங்கு கொடுத்ததில் குழந்தையின் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. வைட்டமின் ஏ விஷமாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– ஒரு தாய்

முதலில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அதுவும் மஞ்சளாக இருந்தால் இந்தப் பத்திரிகையை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள், அது மஞ்சள் காமாலையாக இருக்கலாம். கண் வெள்ளையாகவே இருந்து, கையும் காலும் மட்டும் மஞ்சள் என்றால் கரோட்டின் தோலில் படிந்திருக்கிறது. கிழங்கைக் குறைத்தால் சில வாரங்களில் தானே மறையும்.

விஷம் ஆகாததற்குக் காரணம் அழகானது. உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு சேர்ந்துவிட்டால், அதிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் குடல் செல்லில் ஒரு கட்டுப்பாட்டு மரபணுவைத் தட்டி எழுப்புகிறது. அது எழுந்ததும், கரோட்டினை உள்ளே இழுக்கும் புரதம், வெட்டும் நொதி இரண்டின் உற்பத்தியும் குறைக்கப்படுகிறது. இருப்பு குறைந்தால் மறுபடி திறக்கிறது. ஈரலிலும் மாத்திரையிலும் இருக்கும் ரெட்டினாலுக்கு இந்தத் தடுப்பு இல்லை. அதனால்தான் அதில் மிகை ஆபத்து, முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கு.

ஜாம்பியாவில் ஆரஞ்சு மக்காச்சோளம் கொடுத்து ஆராய்ந்த பிள்ளைகளில் சிலர் மாம்பழக் காலம் வந்ததும் மஞ்சளாகிப் போனார்கள். அளந்து பார்த்தால் அவர்கள் கல்லீரலில் வைட்டமின் ஏ ஏற்கனவே நிரம்பி வழிந்தது. வெட்டுவது நின்றுபோனதால் கரோட்டின் அப்படியே தேங்கியிருக்கிறது. உங்கள் குழந்தையின் கையும் அதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன்: போதும், எனக்குச் சேர்ந்துவிட்டது.

கேள்வி: ஆரஞ்சு சோளம் கொடுத்தும் இரத்தத்தில் வைட்டமின் ஏ ஏறவில்லை என்று ஆய்வே சொல்கிறதாம். பிறகு எதற்கு இந்த ஆரவாரம்?
– கல்லூரி மாணவர்

இந்த வாரம் வந்ததில் சிறந்த கேள்வி. ஆய்வைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்றும் தெரிகிறது.

இரத்த ரெட்டினால் அளவு சாப்பிட்டதைக் காட்டுவதில்லை. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து ரெட்டினாலை ஒரு கடத்துப்புரதத்தோடு இணைத்து, இரத்தத்தில் ஒரே மட்டம் இருக்கும்படி அளந்து விடுகிறது. சேமிப்பு பாதியானாலும் மட்டம் இறங்காது, இரட்டிப்பானாலும் ஏறாது. கிட்டத்தட்டக் காலியாகும்போதுதான் இரத்தத்தில் தெரியும். போதாக்குறைக்கு, காய்ச்சலோ தொற்றோ வந்தால் சேமிப்பு இருக்கும்போதே இரத்த அளவு இறங்கிவிடும். ஆகவே போதுமான இருப்பு உள்ள பிள்ளைகளுக்குச் சோளம் கொடுத்துவிட்டு இரத்தத்தை மட்டும் பார்ப்பது கேட்கக் கூடாத இடத்தில் கேட்பது.

கல்லீரலை எப்படிப் பார்ப்பது? யாரும் துண்டு வெட்டி எடுக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, வைட்டமின் ஏ-வின் நெருங்கிய உறவான வைட்டமின் ஏ2வைச் சிறிதளவு கொடுத்து, நாலைந்து மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பது. சேமிப்பு வறண்ட கல்லீரலில் கடத்துப்புரதம் ஏற்றிச் செல்லச் சரக்கில்லாமல் குவிந்து கிடக்கும். புதிதாக வந்த ஏ2வை உடனே தூக்கிக்கொண்டு இரத்தத்துக்கு ஓடும். நிறைந்த கல்லீரலில் ஏ2 மெதுவாகத்தான் தலைகாட்டும். தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 53 பள்ளி நாட்கள் தினம் 125 கிராம் வேகவைத்து மசித்த ஆரஞ்சுக் கிழங்கு கொடுத்து, இன்னொரு குழுவுக்கு வெள்ளைக் கிழங்கு கொடுத்து இந்தச் சோதனையைச் செய்தார்கள். ஆரஞ்சு சாப்பிட்டவர்களின் சேமிப்பு மேம்பட்டது. 2005இல் வெளிவந்தது.

இரண்டாவது, அடையாளம் போட்ட வைட்டமின் ஏ ஒரு அளவு கொடுத்து, அது உடம்பின் இருப்போடு கலந்தபின் எவ்வளவு நீர்த்துப்போனது என்று பார்த்து மொத்த இருப்பைக் கணிப்பது. 2014இல் வெளிவந்த ஜாம்பியா ஆய்வில் ஆரஞ்சு சோளம் சாப்பிட்ட பிள்ளைகளின் மொத்த இருப்பு உயர்ந்தது இப்படித்தான் தெரிந்தது.

இன்னொரு வழி கண். இருட்டில் பார்க்க உதவும் ரொடாப்சின் என்ற நிறமிக்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண். மாலைக்கண் வருவதற்கு முன்பே, இருட்டில் மங்கலான ஒளிக்குக் கண்மணி சுருங்குவது மந்தமாகிவிடும். ஜாம்பியாவிலேயே நடந்த வேறொரு சோதனையில் இரத்த அளவு மாறவில்லை. ஆனால் தொடக்கத்தில் குறைபாடோ அதன் விளிம்போ இருந்த பிள்ளைகளுக்கு ஆரஞ்சு சோளத்தால் கண்மணியின் சுறுசுறுப்பு கூடியது. நீங்கள் படித்தது அநேகமாக அந்த ஆய்வின் முதல் பாதி. மறுபாதியையும் தேடிப் படியுங்கள்.

கேள்வி: மரபணுப் பரிசோதனையில் எனக்குக் கரோட்டினை மாற்றும் திறன் குறைவு என்று வந்திருக்கிறது. எனக்கு இந்தப் பயிர்களால் பயன் உண்டா?
– தனியார் நிறுவன ஊழியர்

உண்டு, குறைவாக. முன்பு சொன்ன பிசிஓ1 நொதியின் மரபணுவில் இரண்டு எழுத்து மாற்றங்கள் பரவலாகக் காணப்படுகின்றன. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இரண்டும் சேர்ந்திருந்த பெண்களுக்கு மாற்றும் திறன் 69 சதவீதம் குறைவாக இருந்தது. பூஜ்யம் என்று அல்ல. முட்டை, பால், மீன், ஈரல் சாப்பிடுகிறவர் என்றால் அவற்றில் நேராகவே ரெட்டினால் இருக்கிறது, கவலை வேண்டாம். இவை எதையும் தொடாதவர் என்றால் கரோட்டின் உணவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். மரபணுவைவிட அடிக்கடி தடையாக நிற்பவை துத்தநாகக் குறைபாடு, புரதப் பற்றாக்குறை, குடற்புழு. துத்தநாகமும் புரதமும் இல்லாவிட்டால் ரெட்டினாலை இரத்தத்தில் சுமந்துபோகும் கடத்துப்புரதத்தைக் கல்லீரல் செய்ய முடியாமல் திணறும். உருண்டைப் புழு கொழுப்பு உறிஞ்சுவதையே கெடுக்கும். இவற்றுக்கு யாரும் விலை உயர்ந்த பரிசோதனை விற்பதில்லை.

கேள்வி: சத்து ஏற்றிய பயிர் என்றாலே மரபணு மாற்றப் பயிர்தானே?

இல்லை. ஆரஞ்சு சர்க்கரைவள்ளி, ஆரஞ்சு மக்காச்சோளம், மஞ்சள் மரவள்ளி மூன்றும் வழக்கமான இனக்கலப்பில் வந்தவை. நெல்லில் மட்டும் அரிசிமணியின் உள்பகுதியில் கரோட்டின் உண்டாக்கும் இனமே கிடைக்கவில்லை. அதனால் விஞ்ஞானிகள் இங்கோ போட்ரிகஸும் பீட்டர் பேயரும் வெளியிலிருந்து மரபணு கொண்டுவந்து 2000இல் தங்க அரிசியை அறிவித்தார்கள். 2005இல் மக்காச்சோள மரபணுவை வைத்ததும் கரோட்டின் பல மடங்கு கூடியது. பிலிப்பைன்ஸ் 2021இல் பயிரிட அனுமதி தந்தது, 2024இல் அங்குள்ள நீதிமன்றம் நிறுத்தியது. குடலுக்கு இந்த வழக்கு தெரியாது. பீட்டா கரோட்டின் எந்த வழியில் வந்தாலும் மூலக்கூறு ஒன்றேதான்.

கேள்வி: கிழங்கு, சோளம் என்று அலைவதைவிட பீட்டா கரோட்டின் மாத்திரை எளிதில்லையா? புகைப்பழக்கம் உண்டு, அதற்கும் நல்லது என்கிறார்கள்.

வேண்டாம். பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த பெரிய சோதனையில் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994இல் முடிவு வெளியானது. உணவில் செல்லுக்குள் மாட்டிக்கொண்டு வரும் கரோட்டின் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மாத்திரையில் வருவது சுலபமாகக் கரைந்து இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். உறிஞ்சுதல் மெதுவாக நடப்பதைக் குறை என்றே பேசிக்கொண்டிருக்கிறோம், உங்கள் விஷயத்தில் அது பாதுகாப்பு. கிழங்கைச் சாப்பிடுங்கள், சிகரெட்டை விடுங்கள்.

கேள்வி: ஆரஞ்சு சோளத்தை மொத்தமாக அரைத்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாமா?
– இல்லத்தரசி

மணியாக வையுங்கள், தேவைக்கு அரைத்துக்கொள்ளுங்கள். அரைத்ததும் காற்று படும் பரப்பு கூடி, கரோட்டின் வேகமாகக் கெடும். முழு மணியிலும் முதல் சில மாதங்களில் கணிசமாகக் குறையும், பிறகு நிதானமாகும். காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டப்பா. வெயிலில் காயவைப்பதையும் முடிந்தவரை நிழலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாவின் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தால் சத்தும் கூடவே போகிறது என்று அர்த்தம், அதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம்.